இடது கதவு

வண்டி வரும்போதே பாட்டுப் பெட்டியோடுதான் வந்தது.
ஷோரூம்காரர் அதைத் தட்டித் தட்டிக் காட்டினார்.
சொல்லாமல் விட்டது ஒன்று:
ஸ்பீக்கர் வலது கதவில் மட்டும்.
ஓட்டுகிறவனின் முழங்காலுக்குப் பாடும்.
இடது கதவிலும் அதே வட்டம், அதே துளைகள்,
பின்னால் வெறும் தகரம்.

ஐந்து வருடம் அப்படியே ஓடியது.
குடியாத்தத்தில் கைலி பேல் ஏற்றி
பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம்.
இரண்டாம் கியரில் பாடகி முக்குவாள்,
நாலாம் கியரில் காணாமல் போவாள்.
அந்தப் பாட்டுகளில் தபேலா உண்டு என்பதே
டீக்கடைகளில் நிறுத்தியபோதுதான் தெரியும்.

கடைசித் தவணை கட்டிய மறுநாள்
கிரீன் சர்க்கிள் தாண்டி அனீஸ் கடைக்குப் போனேன்.
கிளிப்புகள் பட்பட்டென்று தெறிக்க
கதவின் தோலை உரித்தான் அனீஸ்.
உள்ளே ஐந்து ரூபாய் நாணயம்,
எடுத்தவன் தேசப்பன்தான் என்று
நான் ஒருநாள் முழுக்கப் பேசாமலிருந்த டீசல் பில்,
செத்த குளவி,
அப்புறம் டேப் சுற்றி மடக்கிய இரண்டு ஒயர்.

“ண்ணா, இங்க பாரு. லைன் வந்துகீது.
கம்பெனிக்காரன் ஸ்பீக்கர மட்டும் போடாம வுட்டுட்டான்.”

ஐந்து வருடமாக
அந்தப் பாட்டெல்லாம் அங்கே வரைக்கும் வந்து
வாயில்லாமல் நின்றிருக்கிறது.

தார் ஷீட் ஒட்டினான். ஆறரை அங்குலம் இரண்டு கதவுக்கும்,
கண்ணாடி ஓரம் சின்னதாக இரண்டு,
சீட்டுக்குப் பின்னால், ஜாக்கி வைக்கும் இடத்தில்,
பேஸ் பெட்டி.
ஜாக்கி என் காலடிக்கு வந்தது.

போட்டதும் பாட்டுக்குள் ஒரு கொசு.
ஆக்சிலரேட்டர் மிதித்தால் கொசுவும் சுதி ஏற்றுகிறது.
“எர்த் சரியில்ல,” என்று சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி
பளபளப்பு தெரிந்த இடத்தில் ஒயரை முடுக்கினான்.
கொசு செத்தது.
பிறகுதான் மற்றவை கேட்க ஆரம்பித்தன:
டேஷ்போர்டின் கிடுகிடு, நம்பர் பிளேட்டின் பல் நடுக்கம்,
முருகர் படத்தின் சட்டம்.
பாட்டு தெளியத் தெளிய
வண்டியின் வயது தெரிந்தது.
ஏழாயிரத்து நானூறு. நூறைக் குறைத்துக்கொண்டான்.

அன்று ராத்திரி நாற்பது பேல்.
தேசப்பன் தார்ப்பாயைக் கட்டிவிட்டு ஏறினான்,
கதவை இழுத்தான். கதவு
பணக்காரக் கதவு மாதிரி ‘தப்’ என்று மூடியது.
திறந்து இன்னொரு முறை மூடிப் பார்த்தான்.

தபேலா வந்தது. வயலின் இடப்பக்கமாக எழுந்து
என் மூக்குக்கு முன்னால் வலப்பக்கம் போனது.
பள்ளிகொண்டா வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.
வேலூர்ப் பாலத்தில்தான் உறைத்தது,
தேசப்பன் வாயே திறக்கவில்லை.
துண்டை மடியில் வைத்துக்கொண்டு
விருந்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

வழக்கமாக அவன் டோலிலேயே ஆரம்பித்துவிடுவான்.
சேர்க்காட்டு மச்சான், பாகம் பிரித்த நிலம்,
ராத்திரியானால் அரையடி நகரும் எல்லைக்கல்.
நான் பாட்டு கேட்டேனா, அவனைக் கேட்டேனா,
இந்த ஐந்து வருடம்
இடது ஸ்பீக்கர் இல்லை என்பதே எனக்கு ஏன் தோன்றவில்லை?

ராணிப்பேட்டை வெளிச்சம் வந்தது.
புத்தம் புது வால்யூமை இரண்டில் வைத்தேன்.

“ஏன், நல்லாதான பாடினு இருந்திச்சி?”

“பாடட்டும். உம் மச்சான் அந்தக் கல்ல
இப்ப எங்க கொண்டுபோயி நட்டுக்கிறான்?”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
ஷீட் ஒட்டிய கதவு காற்றை வெளியிலேயே வைத்திருந்தது.
பேசுவதற்கு முன் அவன் இழுக்கும் சின்ன மூச்சு
எனக்குக் கேட்டது, முதல் தடவையாக.

“கிணத்தாண்ட வந்துட்சி,” என்றான்.